அந்த இரண்டு மணி நேரத்திற்கு நன்றி

அன்புடையீர்,

அம்மா வீடு திரும்பிவிட்டார். இரத்தம் உறையாமல் கசிந்துகொண்டே இருந்ததால் அவர் மருத்துவமனையில் இருந்ததை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். பலர் உடனிருந்தே பார்த்தீர்கள். ஆகையால் அவற்றை மீண்டும் விவரிக்காமல், உங்களில் பெரும்பாலோர் பார்த்தே இராத ஒருவருக்கு முதலில் நன்றி சொல்ல விரும்புகிறேன். அவர் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பணிபுரியும் நுட்பநர். தம் பெயரை வெளியிட வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார்.

இரத்தக் கசிவை முதலில் அடைக்கும் நுண்ணணுக்களான தட்டணுக்கள் அம்மாவுக்கு ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் ஒன்றரை இலட்சத்திற்கும் நாலரை இலட்சத்திற்கும் இடையில், இருக்க வேண்டிய அளவிலேயே இருந்தன. பி.டி. என்னும் உறைதல் சோதனையிலும் குறையில்லை. ஏ.பி.டி.டி. என்னும் மற்றோர் உறைதல் சோதனையில் மட்டும் உறைவதற்கான நேரம் வெகுவாக நீண்டிருந்தது. இரத்தம் உறையத் தேவையான புரதங்களை உறைதல் காரணிகள் என்பார்கள்; அவற்றில் சில குறைந்தாலும் அது நீளும். காரணியை ஏதேனும் ஒன்று செயலிழக்கச் செய்தாலும் நீளும். உறைதலைத் தடுக்கும் ஹெப்பாரின் மருந்து மாதிரியில் கலந்துவிட்டாலும் நீளும். விந்தை என்னவென்றால், உடலுக்குள் இரத்தம் தேவையின்றிக் கட்டிக்கொள்ளும் ஒரு நோயிலும் இதே சோதனை இப்படித்தான் நீளுமாம். ஒன்றுக்குரிய மருந்து மற்றொன்றுக்கு ஆபத்து.

இவற்றைப் பிரித்தறிய, நலமாக இருப்பவர்களின் பிளாஸ்மாவை, அதாவது அணுக்கள் நீங்கிய இரத்தத் திரவத்தை, நோயாளியின் பிளாஸ்மாவுடன் சம அளவில் கலந்து மறுபடி சோதிப்பார்கள். காரணி குறைந்திருப்பது மட்டுமே கோளாறு என்றால், கலந்தவுடன் நேரம் சீராகிவிடும். அம்மாவின் மாதிரியில் ஏறக்குறையச் சீராகவே ஆனது. அத்துடன் அறிக்கையை அனுப்பிவிட்டு அவர் வீட்டுக்குப் புறப்பட்டிருக்கலாம், பணிநேரம் முடிந்திருந்தது. ஆனால் விண்ணப்பத்தில் இருந்த வயது அவரை உறுத்தியிருக்கிறது: பிறவிக் குறை என்றால் இத்தனை வயதுவரை தெரியாமலா இருந்திருக்கும்? வார்டுக்கே வந்து, பல் பிடுங்கியபோதோ பிரசவங்களின்போதோ அம்மாவுக்கு இரத்தம் நிற்காமல் போனதுண்டா என்று கேட்டார். ஒருபோதும் இல்லை என்றோம். திரும்பிச் சென்று, கலவையை 37 டிகிரி வெப்பத்தில் இரண்டு மணி நேரம் வைத்திருந்து மீண்டும் சோதித்தார். சீராகியிருந்த நேரம் மறுபடி நீண்டுவிட்டது.

உறைதல் காரணிகளில் ஒன்றான எட்டாம் காரணியை முடக்கும் எதிர்ப்பொருளை அம்மாவின் உடலே உண்டாக்கிக்கொண்டிருந்தது. அது பெரும்பாலும் மெதுவாகத்தான் வேலை செய்யும். கலந்தவுடன் பார்த்தால் அகப்படாமல் போகலாம். இரத்தம் சரியாக உறையாத ஹீமோஃபிலியா என்னும் நோய் பிறவியிலேயே, பெரும்பாலும் ஆண்களுக்கு வருவது என்றே நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். அம்மாவுக்கு வந்த இந்த வகை அவ்வாறன்று. முதுமையில் இருபாலருக்கும், சிலவேளை மகப்பேற்றுக்குப் பின்னும், முன்னறிவிப்பின்றி வரும். ஆண்டுக்குப் பத்து இலட்சம் பேரில் ஓரிருவருக்கே வருவதால், இதைக் கண்டிராத மருத்துவர்களும் உண்டு.

மறுநாள் அவர் எங்களுக்கு அதை விளக்கவும் செய்தார். அது அவருடைய வேலையே அன்று. காயத்தில் தட்டணுக்கள் ஒட்டிக்கொண்டு முதல் அடைப்பைப் போடுகின்றன. அது நிலைக்க வேண்டுமானால், காரணிகள் ஒன்றையொன்று தூண்டி, த்ராம்பின் என்னும் நொதி போதிய அளவில் உருவாகி, அது ஃபைப்ரினோஜன் என்னும் புரதத்தை ஃபைப்ரின் இழைகளாக மாற்றி, அந்த அடைப்பின் மேல் வலை பின்ன வேண்டும். அம்மாவுக்கு அடைப்பு விழுந்தது, வலை விழவில்லை. ஊசி குத்திய இடம் நின்றதுபோல் நின்று மீண்டும் கசிந்தது ஏன் என்பது அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. விளங்கிய பிறகு பயமும் பாதியாகக் குறைந்தது. எட்டாம் காரணியை வெறுமனே ஏற்றினால் எதிர்ப்பொருள் அதையும் முடக்கிவிடும் என்பதால், அந்தக் கட்டத்தைக் கடந்து உறைதலைத் தூண்டும் மருந்தையும், எதிர்ப்பொருளை அடக்க ஸ்டீராய்டையும் மருத்துவர்கள் தொடங்கினார்கள்.

அந்த மருத்துவர்களுக்கும், தசையில் ஊசி போடக் கூடாது என்று படுக்கையருகே எழுதி ஒட்டி, குத்திய இடத்தைப் பொறுமையாக அழுத்திப் பிடித்திருந்த செவிலியர்களுக்கும், இரவுகளைப் பகிர்ந்துகொண்ட உறவினர்களுக்கும், மருந்து வரும்வரை தொலைபேசியைக் கீழே வைக்காத நண்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. ஒவ்வொருவரையும் தனித்தனியே குறிப்பிடாதது நன்றிக் குறைவால் அன்று.

எதிர்ப்பொருள் மீண்டும் தலைதூக்கக் கூடும் என்பதால் அம்மாவின் இரத்தத்தைத் தொடர்ந்து சோதிக்கச் சொல்லியிருக்கிறார்கள். பார்க்க வருபவர்கள் அன்பினால்கூட ஆஸ்பிரின் போன்ற வலி மாத்திரைகளை அவருக்குக் கொடுத்துவிட வேண்டாம். அவை தட்டணுக்களின் வேலையையும் கெடுக்கும். அன்று அந்தக் கலவையில் பாதி, முகமறியாத நலமான மனிதர்களின் பிளாஸ்மா. நானும் நலமாக இருப்பவன்; இரத்த வங்கியில் பெயரைப் பதிந்துவிட்டேன், உடல் ஒத்துழைக்கும்வரை கொடுத்துக்கொண்டிருப்பேன்.

நன்றியுடன்,
அம்மாவின் மூத்த மகன்