மூடுங்கள், ஆனால் அழிக்காதீர்கள்: கேள்வி பதில் தளத்தை நடத்துபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தளத்தின் நிர்வாகிகளுக்கு வணக்கம்.

நடந்தது என்ன என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தளத்தை மூடும் அறிவிப்பை எழுதியவர்களே நீங்கள்தான். பல ஆண்டுகளாக யாரும் புதிதாக எதுவும் எழுதாத பழைய கேள்விகளை முதல் கட்டமாக நீக்கிவிட்டீர்கள். மிச்சம் இருப்பவை இரண்டாம் கட்டத்தில் போகும் என்று சொல்லியிருக்கிறீர்கள். தளத்தை மூட வேண்டாம் என்று கேட்க இதை எழுதவில்லை. நடத்துவதும் நிறுத்துவதும் உங்கள் உரிமை. நான் கேட்பது ஒன்றுதான்: மூடுங்கள், ஆனால் அழிக்காதீர்கள். புதிதாக யாரும் எழுத முடியாதபடி பூட்டிவிட்டு, இருப்பதைப் படிக்க மட்டும் விட்டு வையுங்கள். நீக்கியவற்றின் காப்பு நகல் இன்னும் உங்களிடம் இருந்தால், அவற்றையும் திரும்பக் கொண்டுவந்து வையுங்கள்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்பதற்கு ஒரே ஒரு கேள்வியைப் பற்றிச் சொல்கிறேன். பதினொரு ஆண்டுகளுக்கு முன் உங்கள் தளத்தில் நான் கேட்டது.

என் அப்பா இரவில் சிற்றலை வானொலி கேட்பவர். எழுபதுகளின் கடைசியில் அவருடைய ரேடியோவில் ஒரு சத்தம் வர ஆரம்பித்திருக்கிறது. டக் டக் டக் என்று நிற்காமல், யாரோ மரப்பலகையை வேகமாகத் தட்டுவதுபோல. முள்ளைத் திருப்பி வேறு நிலையத்துக்குப் போனால், கொஞ்ச நேரத்தில் அங்கேயும் வந்துவிடும். ரேடியோவில்தான் கோளாறு என்று முடிவு செய்து மெக்கானிக்கிடம் கொடுத்தார். கண்டன்சர் மாற்றினார்கள். சத்தம் போகவில்லை. இன்னொருவரிடம் கொடுத்தார். அப்போதும் போகவில்லை. கடைசியில் வேறு ரேடியோ வாங்கினார், அதிலும் அதே டக் டக். பத்து வருஷத்துக்கு மேல் அப்படியே போய், ஒரு நாள் தானாக நின்றுவிட்டதாம். அது என்ன என்று அப்பாவுக்குக் கடைசிவரை புரியவில்லை. வயதான பிறகும் எப்போதாவது அந்தப் பேச்சு வரும். "அது என்ன எழவு சத்தமோ, தெரியவே இல்லை" என்பார்.

இதை அப்படியே உங்கள் தளத்தில் எழுதிக் கேட்டேன். இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள், முன்பின் தெரியாத ஒருவர் பதில் எழுதியிருந்தார். அவர் ஹாம் வானொலிக்காரர், அதாவது பொழுதுபோக்காகச் சொந்த வானொலிக் கருவியில் பேசுபவர். அந்தக் காலத்திலேயே அதே சத்தத்தைக் கேட்டு, எந்த நாள், எந்த நேரம், எந்த அலைவரிசை என்று நோட்டில் குறித்து வைத்தவர். சோவியத் ஒன்றியத்தின் 'துகா' ரேடார் அது என்று விளக்கினார். ஏவுகணை கிளம்பினால் அடிவானத்துக்கு அப்பாலிருந்தே கண்டுபிடிப்பதற்காகக் கட்டியது. விநாடிக்குச் சுமார் 10 துடிப்புகள். 1976 ஜூலையில் உலகம் முழுக்கக் கேட்க ஆரம்பித்து, 1989 டிசம்பரோடு நின்றது. வானொலிக்காரர்கள் அதற்கு 'ரஷ்ய மரங்கொத்தி' என்று பேர் வைத்திருந்தார்கள். செர்னோபில் பக்கத்தில் அதன் ஏற்பு ஆன்டெனா, அதாவது திரும்பி வரும் அலைகளை வாங்கும் ஆன்டெனா, சுமார் 150 மீட்டர் உயரத்தில் இன்றும் நிற்கிறது. அது அலைவரிசை மாறி மாறி வேலை செய்ததால்தான் அப்பா முள்ளைத் திருப்பிய இடமெல்லாம் கூடவே வந்தது. வானத்தின் உயரத்தில் இருக்கும் அயனிமண்டலம் என்ற மின்னேற்ற அடுக்கில் பட்டுத் திரும்பியதால்தான் அவ்வளவு தூரம் வந்தது.

ஒலிப்பதிவுக்கு ஒரு சுட்டியும் கொடுத்திருந்தார். அப்பாவின் காதில் ஹெட்போனை மாட்டி ஓடவிட்டேன். சில விநாடிதான். கண்ணை மூடிக்கொண்டார். "இதேதான். இதேதான்டா" என்றார். அப்புறம் அந்த மனிதருக்குப் பதில் எழுது என்று சொல்லி, தன் வாயால் ஒவ்வொரு வாக்கியமாகச் சொன்னார். நான் தட்டச்சு செய்தேன். ரேடியோவை எத்தனை தடவை திட்டினேன், அதன் மேல் ஒரு தப்பும் இல்லை என்று சொன்னார். அந்த மனிதர் உடனே திரும்பக் கேட்டார், இரவில் சத்தம் கூடுமா, குறையுமா, எந்த மாதங்களில் அதிகம் என்று. அப்பா யோசித்து யோசித்துச் சொன்னார். இப்படி ஒன்பது நாள். இரண்டு முதியவர்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை, ஒரே சத்தத்தை ஒரே காலத்தில் வேறு வேறு இடங்களிலிருந்து கேட்டவர்கள், உங்கள் தளத்தில் பேசிக்கொண்டார்கள்.

அப்பா இறந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. அந்தப் பக்கத்தை நான் வருஷத்துக்கு ஒரு தடவையாவது திறந்து படிப்பேன். போன வாரம் திறந்தேன். பக்கம் கிடைக்கவில்லை என்று வந்தது.

உங்கள் அறிவிப்பு மின்னஞ்சலில் வந்திருக்கிறது. விளம்பரங்கள் போய் விழும் பகுதியில் கிடந்ததால் நான் பார்க்கவில்லை. அது என் கவனக்குறைவு என்றே வைத்துக்கொள்ளுங்கள். "உங்கள் தரவைப் பதிவிறக்கிக்கொள்ளலாம்" என்று அதில் இருந்தது. உடனே கோரினேன், கோப்பும் வந்தது. திறந்து பார்த்தால், அதில் என் கேள்வி இருக்கிறது. என் கணக்கிலிருந்து போனதால் அப்பா சொல்லி நான் அடித்த பதில்களும் இருக்கின்றன. அந்த மனிதர் எழுதியது ஒரு வரிகூட இல்லை. மற்றவர் எழுதியதைத் தர முடியாது என்று உங்கள் உதவிப் பிரிவு மரியாதையாகவே பதில் சொன்னது.

"ஆமாம், இரவில்தான் அதிகம். மழைக்காலத்தில் இடிச் சத்தமும் சேர்ந்துகொள்ளும்" என்று அப்பா சொல்கிறார். யாருக்குச் சொல்கிறார், எதற்குச் சொல்கிறார் என்பது கோப்பில் இல்லை. தொலைபேசியில் ஒரு பக்கத்துப் பேச்சு மட்டும் காதில் விழுவதுபோல இருக்கிறது அதைப் படிக்க. கேள்வி பதில் தளத்தை நடத்துகிற நீங்கள், கேள்வியை ஒருவரிடமும் பதிலை வேறொருவரிடமும் பிரித்துக் கொடுத்துவிட்டு, தரவைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம் என்று சொல்வது எப்படி நியாயம்? இரண்டும் சேர்ந்து இருந்தால்தானே அது ஒரு பொருள்?

பழைய இணையப் பக்கங்களின் பிரதிகளைச் சேமித்து வைக்கும் இணைய ஆவணகத்தின் வேபேக் மெஷினிலும் தேடினேன். என் கேள்வி அங்கே இருக்கிறது. பதில்கள் இல்லை. உள்நுழைந்தவர்கள் மட்டுமே எல்லாப் பதில்களையும் விரித்துப் படிக்கலாம் என்று சில ஆண்டுகளுக்கு முன் நீங்கள் செய்த மாற்றம்தான் காரணம். அதற்கு முந்தைய பிரதி எதுவும் எடுக்கப்படவில்லை. 2025 அக்டோபரில் லட்சம் கோடிப் பக்கங்களைச் சேமித்து முடித்த ஆவணகத்தால் உங்கள் பூட்டைத் தாண்டி உள்ளே வர முடியவில்லை.

துகா பற்றிய விவரம் இன்று வேறு இடங்களிலும் கிடைக்கிறது, ஒலிப்பதிவும் கிடைக்கிறது, அது எனக்குத் தெரியும். அதற்காக நான் அழவில்லை. அந்த மனிதர் என் அப்பாவுக்காக உட்கார்ந்து எழுதியது வேறு எங்கேயும் இல்லை. நோட்டுப் புத்தகத்தைப் புரட்டி, இன்ன தேதியில் நானும் கேட்டேன் என்று அவர் எழுதிய அந்த வரி வேறு எங்கேயும் இல்லை.

இது என் ஒருவருடைய துக்கம் என்று ஒதுக்கிவிட வேண்டாம். உங்கள் தளத்துக்கு வந்தவர்கள் எப்படிப்பட்ட கேள்விகளோடு வந்தார்கள் என்று நினைத்துப் பாருங்கள். எடுத்த இடத்தின் குறிப்பு தொலைந்த புகைப்படங்களெல்லாம் வரைபடத்தில் ஏன் மேற்கு ஆப்பிரிக்காவுக்குக் கீழே கடலில் போய் விழுகின்றன என்று ஒருவர் கேட்டார். குறிப்பு இல்லாத இடத்தில் கணினி சுழியம் போட்டுவிடும், அட்சம் சுழியம், தீர்க்கம் சுழியம் என்றால் அந்த இடம்தான், அங்கே மிதப்பது ஒரு வானிலை மிதவை மட்டும் என்று இன்னொருவர் விளக்கினார். பசிபிக் கடலில் நியூ கலிடோனியாவுக்கு மேற்கே வரைபடங்களில் இருந்த சாண்டி தீவைத் தேடி 2012 நவம்பரில் ஓர் ஆய்வுக் கப்பல் போனபோது, அங்கே 1,000 மீட்டருக்கு மேல் ஆழமான வெறும் கடல்தான் இருந்தது. அந்தச் செய்தியை யாரோ ஒரு இரவு கொண்டுவந்து போட, விடிவதற்குள் பழைய கடல் வரைபடங்களைத் தோண்டி எடுத்துக்கொண்டு ஆட்கள் வந்துவிட்டார்கள். காசுக்காக ஒருவரும் எழுதவில்லை. "பாருங்கள், எவ்வளவு விசித்திரம்" என்று இன்னொருவரிடம் காட்ட வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

இப்படி அழிப்பவர்கள் நீங்கள் மட்டும் இல்லை. 2005-இல் தொடங்கிய யாஹூ ஆன்சர்ஸ் என்ற கேள்வி பதில் தளத்தை 2021 மே 4 அன்று மூடினார்கள். அங்கேயும் ஒருவர் தான் எழுதியதை மட்டும்தான் எடுத்துக்கொள்ள முடிந்தது, பிறருடைய பதிலை எடுக்க முடியவில்லை. 2013-இல் இருந்த இணையப் பக்கங்களில் 38 சதவீதம் பத்து ஆண்டுகளில் கிடைக்காமல் போனதாகப் அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024-இல் சொன்னது. வடிவமைப்பை மாற்றுகிறோம் என்று முகவரிகளை மாற்றுகிறார்கள், பழைய முகவரியிலிருந்து புதியதற்கு வழிகூட வைப்பதில்லை. நீளமான முகவரியைச் சுருக்கிக் கொடுத்த சேவைகளை மூடுகிறார்கள், அதை நம்பிப் போட்ட சுட்டியெல்லாம் ஒரே நாளில் செத்துப்போகிறது. "இது முன்பே கேட்கப்பட்டது" என்று புதிய கேள்வியை மூடி, பழையதைச் சுட்டுவார்கள். அந்தப் பழையதும் இப்போது இல்லை. புதிதாகக் கேட்கவும் விடவில்லை, பழையதைப் படிக்கவும் விடவில்லை என்றால், தெரிந்துகொள்ள வருகிறவர் எங்கே போவார்? மக்கள் எழுதி எழுதித்தானே இந்தத் தளங்கள் வளர்ந்தன! வளர்ந்தவரை "உங்கள் சமூகம்" என்றீர்கள், மூடும்போது அதே எழுத்துகளுக்குப் "பயன்பாட்டில் இல்லாத தரவு" என்று பேர் வைத்தீர்கள். அந்தச் சொல் எனக்கு மிகவும் வலித்தது. வருஷத்துக்கு ஒரு முறை படித்தாலும் அது பயன்பாடுதான்.

கோபத்தில் பேசிக்கொண்டே போகிறேன், மன்னிக்கவும். கேட்க வந்ததைக் கேட்கிறேன்.

முடியாத காரியத்தை நான் கேட்கவில்லை. யூஸ்நெட் என்பது இணையத்தின் பழைய பொது விவாதக் குழுக்கள். கூகுள் குரூப்ஸ் என்ற சேவை வழியாக அதில் புதிதாக எழுதுவதை 2024 பிப்ரவரி 22 முதல் நிறுத்தினார்கள். ஆனால் பழையவற்றைத் தேடவும் படிக்கவும் விட்டுவைத்தார்கள். 1991 ஆகஸ்ட் 25 அன்று யூஸ்நெட்டில் ஒரு கல்லூரி மாணவர், தான் பொழுதுபோக்காக ஓர் இயங்குதளம் எழுதுவதாகச் சொல்லி, அதில் என்னென்ன வேண்டும் என்று மற்றவர்களிடம் கேட்டார். அவர் லினஸ் டோர்வால்ட்ஸ். அந்த இயங்குதளம்தான் பிறகு லினக்ஸ் ஆனது. கேட்ட அன்று அது ஆயிரம் கேள்விகளில் ஒன்று. எது நாளைக்கு யாருக்கு வேண்டியிருக்கும் என்று இன்று நீங்களோ நானோ பிரித்துச் சொல்ல முடியாது. ஆர்குட் என்ற சமூக வலைத்தளமும் 2014 செப்டம்பரில் மூடப்பட்ட பிறகு, பொதுக் குழுக்களின் உரையாடல்களைச் சில ஆண்டுகள் படிக்கவாவது வைத்திருந்தது.

செலவு இருக்கிறது என்பீர்கள். படிக்க மட்டும் என்றால் தரவுத்தளம், உள்நுழைவு, கண்காணிப்பு எதுவும் தேவையில்லை. வெறும் நிலையான பக்கங்கள், பெரும்பாலும் எழுத்துதான். புதிதாக யாரும் எழுத முடியாது என்பதால் குப்பைப் பதிவுகளை விரட்ட ஆளும் தேவையில்லை. அதுவும் முடியாது என்றால், பொதுவில் இருந்த கேள்வி பதில்களின் நகலை இணைய ஆவணகத்திடம் ஒப்படையுங்கள். பூட்டையாவது எடுத்துவிடுங்கள், தன்னார்வலர்கள் வந்து சேமித்துக்கொள்வார்கள்.

தன் எழுத்து இருக்க வேண்டாம் என்று நினைப்பவர்களும் இருப்பார்கள். அவர்களுக்கு அவகாசம் கொடுங்கள், கேட்டால் நீக்கிக் கொடுங்கள். அது நியாயம். ஆனால் கேட்காத எல்லோருடையதையும் சேர்த்து அழிப்பது அந்த நியாயத்தில் வராது. எனக்குப் பதில் எழுதிய மனிதர் இன்று இருக்கிறாரா என்றே எனக்குத் தெரியாது. அவருக்கும் உங்கள் மின்னஞ்சல் போயிருக்கும். படிக்க ஆள் இருந்ததா?

இரண்டாம் கட்டத்துக்கு இன்னும் சில நாட்கள்தான் இருக்கின்றன. தயவுசெய்து அதை நிறுத்தி வையுங்கள். முதல் கட்டத்தில் நீக்கியவற்றின் காப்பு நகல் இருக்கிறதா, இல்லையா என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். இருந்தால் மீட்டு, பழைய முகவரிகளிலேயே வையுங்கள். தளத்தை மூடுங்கள், அழிக்காதீர்கள்.

என் கேள்வியின் எண்ணை உங்கள் உதவிப் பிரிவுக்கு இரண்டு முறை அனுப்பியிருக்கிறேன். அந்தப் பக்கத்தில் பதினேழு பதில்கள் இருந்தன. எட்டு என்னிடம் இருக்கின்றன. மற்ற ஒன்பதும் உங்களிடம்.

இப்படிக்கு,
உங்கள் தளத்தில் கேட்டுத் தெரிந்துகொண்ட ஒருவர்