மாமாவுக்கு, அந்த 64 பக்கங்களைப் பற்றி

மாமா,

உங்கள் வருஷத் திதி முடிந்து நேற்று இரவுதான் ஊரிலிருந்து திரும்பினேன். எல்லாம் குறையில்லாமல் நடந்தது. காக்கா வரத்தான் முக்கால் மணி நேரம் ஆயிற்று. "அவர் எதுக்குத்தான் நேரத்துக்கு வந்தார்" என்று அத்தை சொன்னதும், அழுதுகொண்டிருந்தவர்கள்கூடச் சிரித்துவிட்டார்கள்.

பந்தி முடிந்ததும் உங்கள் பெரியவன் என்னை மாடிக்குக் கூப்பிட்டான். கையில் உங்கள் புத்தகம், பிரபஞ்சம் விரியவில்லை, ஒளிதான் களைக்கிறது என்று எழுதினீர்களே, அந்த 64 பக்கம். 300 பிரதி மறுபதிப்பு போடப்போகிறானாம். முன்னுரையை நான் எழுதவேண்டுமாம், பேருக்குப் பின்னால் டிகிரியெல்லாம் போட்டு. ஃபோனில் ஒரு வாட்ஸ்அப் செய்தியையும் காட்டினான்: இருண்ட ஆற்றல் பலவீனமாகிறது, விஞ்ஞானிகள் அதிர்ச்சி. "அப்பா சொன்னதுதானே இது?" என்றான். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். பஸ் ஆலங்காயம் தாண்டுவதற்குள் முடிவு செய்துவிட்டேன். எழுதப்போவதில்லை. அவனிடம் சொல்வதற்கு முன்னால் உங்களிடம் சொல்லவேண்டும் என்று தோன்றியது. ஊரறிய ஏன் எழுதுகிறாய் என்று அம்மா கேட்பார். ஊரறியத்தானே அன்றைக்கும் பேசினேன்.

முதலில் அந்தச் செய்தி. நீங்கள் போய் ஐந்தாவது வாரம், 2025 மார்ச் 19 அன்று வந்தது. அரிசோனாவில் கிட் பீக் மலையில் 4 மீட்டர் டெலஸ்கோப் ஒன்று. அதில் 5,000 கண்ணாடி இழைகள். ஒவ்வோர் இழையையும் ஒரு கேலக்ஸிக்கு நேராக நிறுத்த ஒவ்வொரு குட்டி ரோபோ, விரல் தடிமன்கூட இருக்காது. (இந்த இடத்தில் என்னை நிறுத்தி, அதில் என்ன மோட்டார் போட்டிருக்கிறான் என்று கேட்டிருப்பீர்கள்.) ஏறக்குறைய ஒன்றரைக் கோடி கேலக்ஸிகளையும் குவேசார் என்கிற மிகப் பிரகாசமான கேலக்ஸி மையங்களையும் அளந்துவிட்டு, பிரபஞ்சத்தின் விரிவை வேகப்படுத்துகிற அந்தத் தள்ளல், அதாவது இருண்ட ஆற்றல், முன்பிருந்த அளவுக்கு இப்போது இல்லை போலிருக்கிறது என்றார்கள். 'போலிருக்கிறது'தான். எந்த சூப்பர்நோவா (வெடிக்கும் நட்சத்திரம்) பட்டியலைச் சேர்த்துக்கொள்கிறோம் என்பதைப் பொறுத்து நம்பகத்தை அளக்கும் சிக்மா கணக்கில் 2.8 முதல் 4.2 வரை வருகிறது. 5 வந்தால்தான் கண்டுபிடிப்பு என்று ஒத்துக்கொள்வார்கள்.

இது உங்கள் கட்சி இல்லை மாமா. அவர்கள் இருண்ட ஆற்றல் மாறுகிறது என்கிறார்கள். நீங்கள் அப்படி ஒன்றே கிடையாது, விரிவே கிடையாது, தூரத்து கேலக்ஸிகளின் ஒளி சிவந்து வருவது அது வழியில் களைத்துப்போவதால்தான் என்றீர்கள். கரண்ட் பில் குறைந்திருக்கிறது என்று சொல்பவனும், இந்த வீட்டுக்குக் கரண்டே இழுக்கவில்லை என்று சொல்பவனும் எப்படி ஒரே கட்சி ஆவார்கள்? இதை உங்கள் மகனிடம் சொன்னால் வருத்தப்படுவான். நீங்கள் இருந்திருந்தால் நீங்களே அவனிடம் சொல்லியிருப்பீர்கள், கத்தி.

உங்கள் யோசனையை நான் ஒருநாளும் கிறுக்கு என்று நினைத்ததில்லை. கேபிள் டிவிக்கு வயர் இழுத்தவர் நீங்கள். தூரம் போகப்போக சிக்னல் குறையும், நடுநடுவே ஆம்ப்ளிஃபையர் வைக்கணும். "வானத்துல எவன்டா ஆம்ப்ளிஃபையர் வெச்சான்? வைக்கலேன்னா லாஸ் இருந்தே ஆகணும்." லாஸ் என்றால் வால்யூம்தானே குறையும், நிறம் எப்படிச் சிவக்கும் என்று கேட்டதற்கு, ஒளித்துளிக்கு வால்யூமும் கட்டையும் ஒன்றுதான் என்றீர்கள். எனக்கு ஒளித்துளியின் ஆற்றலையும் அதிர்வெண்ணையும் இணைக்கிற பிளாங்க்கின் சமன்பாட்டை எம்.எஸ்சி. வகுப்பில் நடத்தியவர்கள் யாரும் அவ்வளவு சுருக்கமாகச் சொல்லவில்லை. 100 கோடி ஒளியாண்டுக்கு 7 சதவீத இழப்பு என்று கேசியோ கால்குலேட்டரில் போட்டு வைத்திருந்தீர்களே, அந்தக் கணக்கிலும் பிழையில்லை.

1929-லேயே வானியலாளர் ஃபிரிட்ஸ் ஸ்விக்கி இதைத்தான் சொன்னார், கேலக்ஸிகளின் தூரத்துக்கும் சிவப்புக்கும் உள்ள தொடர்பைக் காட்டிய கட்டுரையை ஹப்பிள் வெளியிட்ட அதே வருடம். 2003-ல் அதை உங்களுக்கு வந்து சொன்னதே நான்தான். சந்தோஷப்படுவீர்கள் என்று நினைத்தேன். இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் "நானும் ஸ்விக்கியும்" என்று ஆரம்பித்துவிட்டீர்கள்.

1998-ல் தூரத்து சூப்பர்நோவாக்கள் எதிர்பார்த்ததைவிட மங்கலாக இருக்கின்றன, அதனால் விரிவு வேகமெடுக்கிறது என்று இரண்டு குழுக்கள் சொன்னபோது, வழியில் தூசு இருக்கும்டா என்றீர்களே, அந்தச் சந்தேகமும் உங்களுக்கு மட்டும் வந்ததில்லை. சாம்பல் நிறத் தூசு என்று ஆய்விதழ்களிலேயே 1999-ல் ஒரு வாதம் ஓடியது. பிறகு ஹப்பிள் தொலைநோக்கியின் படங்களில் இன்னும் தொலைவில் ஒரு சூப்பர்நோவா அகப்பட்டது, 1997எஃப்எஃப் என்று பெயர். தூசுதான் காரணம் என்றால் அது இன்னும் மங்கியிருக்கவேண்டும். மங்கவில்லை. இதை உங்களிடம் சொல்லியிருக்கிறேன். காதில் வாங்கவில்லை.

சரி, 2011 தீபாவளிக்கு வருகிறேன். அதற்காகத்தான் இவ்வளவு சுற்று.

மூன்று வாரம் முன்புதான் நோபல் அறிவித்திருந்தார்கள். அந்த இரண்டு குழுக்களைச் சேர்ந்த பெர்ல்மட்டர், ஷ்மிட், ரீஸ். நீங்கள் கூடத்தில் ஊஞ்சலில் உட்கார்ந்து, "மூணு பேரும் கண்ணாடியைத் துடைக்காமப் பாத்திருக்கானுங்க" என்று சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தீர்கள். கையில் பாதி கடித்த முறுக்கு. அப்போது பெரியப்பா கேட்டார், உன் புத்தகத்தை பெங்களூரில் ஒரு புரொபசர் படிக்கிறார்னியே, என்ன ஆச்சு என்று. நீங்கள் பெருமையாக என்னைக் காட்டினீர்கள். "மாப்ளேதான் குடுத்தான். அஞ்சு வருஷமாப் படிக்கிறார். பெரிய மனுஷங்க, நேரமாகும்." யாரோ களுக்கென்று சிரித்தார்கள். யாரென்று தெரியும், எழுதவில்லை.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்த எரிச்சலில்தான் வாயைத் திறந்தேன்.

உங்கள் கடை பெஞ்சில் எனக்குப் பதினோரு வயதில் நீங்கள் சொல்லிக்கொடுத்ததை எடுத்தே உங்களை அடித்தேன். அந்தக் கறுப்பு டூ-இன்-ஒன் நினைவிருக்கும். பாட்டு ஒருமாதிரி இழுக்கிறது என்று கொண்டுவந்திருந்தார்கள். நீங்கள் உடனே திறக்கவில்லை. உங்கள் எச்எம்டி வாட்சைக் கழற்றி என் கையில் கொடுத்து, முதலில் கடையிலிருந்த நல்ல செட்டில் அந்தக் கேசட்டைப் போட்டு நேரம் பார்க்கச் சொன்னீர்கள். சரியாக நாலு நிமிஷம். அப்புறம் இதில். நாலு நிமிஷம் பதினாலு செகண்ட். "அரைக்கட்டை இறங்கியிருக்கு, பெல்ட்டு இளகிருச்சு" என்றீர்கள். காதிலேயே தெரிகிறதே, வாட்ச் எதுக்கு என்று கேட்டேன். "காது பொய் சொல்லும்டா. கட்டை இறங்கினா பாட்டும் அதே அளவு நீளணும். நீண்டிருந்தா பெல்ட்டு. நீளலேன்னா கோளாறு வேற எங்கியோ." ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் ஹெட்டைத் துடைத்துக்கொண்டே சொன்னீர்கள். நான் இயற்பியல் படித்தது அந்த வாசனையில்தான்.

அந்த வாசகத்தைத்தான் பதினேழு வருடம் கழித்து ஊஞ்சலுக்கு எதிரே நின்று உங்களிடம் திருப்பிச் சொன்னேன். சூப்பர்நோவாவும் ஒரு பாட்டு மாமா. சில வாரங்களில் ஏறி இறங்கி முடியும். ஒளி வழியில் களைக்கிறது என்றால் கட்டை இறங்கும், சிவக்கும், சரி. பாட்டு ஏன் நீளணும்? ஆனால் நீளுது. அலை இரண்டு மடங்கு நீண்ட இடத்தில் இருபது நாள் பாட்டு நாற்பது நாள் ஓடுது. இப்படிச் சோதித்துப் பார்க்கலாம் என்று 1939-லேயே ஓலின் வில்சன் என்ற வானியலாளர் எழுதியிருக்கிறார், தொண்ணூறுகளில் செய்தே பார்த்துவிட்டார்கள். பெல்ட்டுதான் மாமா. விண்வெளிதான் இழுபடுது. உங்க புத்தகம் முதல் பக்கத்திலேயே முடிஞ்சுபோச்சு.

கடைசி வாக்கியம் தேவையே இல்லை. தெரிந்துதான் சொன்னேன்.

நீங்கள் முறுக்கைத் தட்டில் வைத்தீர்கள். ஊஞ்சலைக் காலால் நிறுத்தினீர்கள். ஒரே ஒரு கேள்வி கேட்டீர்கள்: "எத்தனை பாட்டுக்கு நேரம் பாத்தாங்க?" அந்தக் கூடத்தில் அன்று பேசப்பட்டதிலேயே அறிவியல் என்று சொல்லத்தக்கது அந்தக் கேள்வி ஒன்றுதான். நான் சொன்ன பதில், "போதுமான அளவு."

1,504, மாமா. சிலியில் இருக்கும் தொலைநோக்கி ஒன்றில் சேகரித்த 1,504 சூப்பர்நோவாக்களுக்கு நேரம் பார்த்து 2024 ஜூனில் வெளியிட்டார்கள். சிவப்பு எவ்வளவு சொல்கிறதோ அவ்வளவு நீள்கிறது, சுமார் நூற்றில் ஒரு பங்கு துல்லியத்தில். அப்போது நீங்கள் இருந்தீர்கள். நம்பரை எடுத்து வைத்துக்கொண்டு பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன். மறுபடி குத்திக்காட்டுவதாக நினைப்பீர்கள் என்று வைத்துவிட்டேன். அல்லது, கேள்வி நல்ல கேள்வி என்று ஒத்துக்கொள்ள வாய் வரவில்லை. எது என்று இப்போதும் எனக்குத் தெரியாது.

ஆனால் அதுவும் இல்லை நான் சொல்ல வந்தது.

புரொபசர் யாரும் படிக்கவில்லை. அந்த 64 பக்கத்தை நான் யாரிடமும் கொடுக்கவே இல்லை. 2006 ஜூலையில் பஸ் ஸ்டாண்டில் பிரவுன் கவரில் போட்டு, 'உயர்திரு' என்று உங்கள் கையெழுத்தில் எழுதிக் கொடுத்தீர்களே, அது ஹாஸ்டலில் டிரங்குப் பெட்டியின் அடியில் கிடந்தது. அவர் அறை வாசல்வரை இரண்டு தடவை போனேன். எனக்கு 23 வயது. அறையில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் அப்பாவும் தாத்தாவும் புரொபசராக இருந்த வீட்டுப் பிள்ளைகள். ரேடியோ கடைக்காரரின் மருமகன் என்பதில் எனக்கு வெட்கமில்லை, ஆனால் ஒரு தப்பான தியரியைக் கொண்டுபோய்... இல்லை, வெட்கம்தான். இவ்வளவு தூரம் வந்துவிட்டு இதிலும் பொய் எதற்கு. ஊருக்கு வந்தபோது நீங்கள் பஸ்ஸிலிருந்து இறங்கக்கூட விடாமல் கேட்டீர்கள். "படிக்கிறேன்னு சொன்னார் மாமா" என்றேன். அதையே ஐந்து வருடம் வேறு வேறு மாதிரி சொன்னேன். பெரியப்பா கேட்ட அன்று என் பொய் வெளியே வந்துவிடுமோ என்ற பயத்தில் உங்கள் தியரியை உடைத்தேன். நான் சொன்ன இயற்பியல் சரி. சொன்ன காரணம் அயோக்கியத்தனம்.

அதற்காக நீங்கள் செய்தது எல்லாம் சரியாகிவிடாது. என் கல்யாணத்துக்கு வந்து 501 ரூபாய் மொய் எழுதிவிட்டுப் பந்தியில் உட்காராமல் போனீர்கள். தாய்மாமன் சாப்பிடாமல் போனது அம்மாவை எத்தனை வருடம் அறுத்தது தெரியுமா? கணக்கில் தோற்றால் அடுத்த கணக்கைப் போட வேண்டியதுதானே. நாற்பது பேருக்கு ரிஜிஸ்டர் தபால் அனுப்பி, அந்த ஒப்புகை அட்டைகளைக் கம்பியில் குத்தி வைத்தீர்கள். படித்தவன் திமிர் என்று ஊரெல்லாம் சொன்னீர்கள். 2008-ல் புத்தகம் இரண்டாம் தடவை அச்சானபோது பணம் எங்கிருந்து வந்தது என்பதை இங்கே எழுதமாட்டேன். அத்தைக்கும் எனக்கும் தெரியும். அத்தை கழுத்தைப் பார்த்தவர்களுக்கும் தெரியும்.

எதிர்த்துப் பேசியதில் தப்பே இல்லை. நியூசிலாந்தில் டேவிட் வில்ட்ஷயர் என்பவர் 2007 முதல் இருண்ட ஆற்றலே தேவையில்லை என்கிறார். கேலக்ஸிகள் கூடியிருக்கும் இடத்தில் கடிகாரம் மெதுவாகவும் வெற்றுப் பரப்புகளில் வேகமாகவும் ஓடுகிறது, அதைச் சேர்க்காமல் கணக்குப் போடுவதால்தான் விரிவு வேகமெடுப்பதுபோலத் தெரிகிறது என்பது அவர் கட்சி. பெரும்பாலானவர்கள் ஏற்கவில்லை. ஆனாலும் 2024 டிசம்பரில்கூட அவருடைய குழு சூப்பர்நோவா கணக்கோடுதான் வந்து நின்றது. அவர் வாட்சைக் கழற்றி வைத்துவிட்டுப் பேசவில்லை.

நீங்களும் கழற்றவில்லை என்று நேற்றுதான் தெரிந்தது. அத்தை உங்கள் நோட்டுகளைக் கொடுத்தார். எட்டாவது நோட்டில், தீபாவளி முடிந்து ஒரு வாரம் கழித்துத் தேதி போட்டு ஒரு பக்கம். மூன்று பாட்டு, இரண்டு செட், ஆறு நேரம், வினாடி சுத்தமாக. கீழே, "பெல்ட் என்றால் நான் தப்பு." அடுத்த நான்கு தாள்களைக் கிழித்திருக்கிறீர்கள். அதைப் பார்த்து மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன். ஒன்பதாவது நோட்டைத் திறந்தால், "களைத்த ஒளி காலத்தையும் தன்னோடு இழுக்கும்" என்று பெரிய எழுத்தில் ஆரம்பம். எப்படி இழுக்கும், எதனால் இழுக்கும், ஒரு வரி கிடையாது. அவ்வளவு அழகான ஆறு நேரத்தை எழுதிவிட்டு இப்படி ஒட்டுப் போட எப்படி மனசு வந்தது மாமா? அழுகை நின்றுபோயிற்று.

பெரியவனிடம் சொல்லப்போவது இதுதான்: புத்தகம் போடு, முன்னுரை வேண்டாம், எட்டாவது நோட்டின் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து முதலில் போடு. ஒத்துக்கொள்ள மாட்டான்.

நேற்று அந்தப் பிரவுன் கவரையும் பையில் எடுத்துப் போயிருந்தேன், உங்கள் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு, எல்லோரிடமும் வாயாலேயே சொல்லிவிடலாம் என்று. பெரியப்பா எதிரில்தான் உட்கார்ந்திருந்தார். திரும்பிவந்து பையைப் பிரித்தபோது வேட்டிக்கு அடியில் அப்படியே இருக்கிறது.