ஜர்னல் தொழில்ல நமக்குப் பெட்டியடி வேலை மட்டும்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததுலேருந்து உங்க பேப்பர்ல என்ன படிக்கலாம் எங்க சேரலாம்னு பக்கம் பக்கமா போடுறீங்க, வேண்டாம்னு சொல்லல, ஆனா நீட், இன்ஜினியரிங், சி.ஏ., பேங்க் பரீட்சை இதத் தாண்டி ஒரு அடி எடுத்து வைக்க மாட்டேங்குறீங்களே. நம்ம மாநிலத்துல ஆயிரக்கணக்கான பேருக்கு சோறு போடுற ஒரு தொழில் பத்தி ஒரு வரி கூட வரல. ஆராய்ச்சி ஜர்னல் பதிப்பிக்கிற தொழிலத்தான் சொல்றேன். நான் சென்னையில ரொம்ப வருஷம் அதுல இருந்துட்டு இப்ப காரைக்குடியில வீட்டுலேருந்தே காப்பி எடிட்டிங் பண்றவ. கொஞ்சம் நீளமா போகும், வெட்டுறதா இருந்தா தயவுசெஞ்சு நடுவுல வெட்டிடாதீங்க, விஷயமே அங்கதான் இருக்கு.

தெரியாதவங்களுக்காக சொல்றேன். ஜெர்மனில ஒரு டாக்டர் ஒரு கட்டுரை எழுதுறார்னு வைங்க, அது எல்சிவியர், ஸ்பிரிங்கர், வைலி மாதிரி பெரிய பதிப்பகத்துக்குப் போகும், அதே துறை ஆளுங்க படிச்சுப் பாத்து சரின்னு சொல்ற பீர் ரிவ்யூவத் தாண்டும், அப்புறம் அந்த ஃபைல் வந்து எறங்குறது நெறைய நேரம் சென்னையில, இல்லன்னா பாண்டிச்சேரியில. இங்க ஒரு பொண்ணு உக்காந்து இங்கிலீஷத் திருத்துவா, ரெஃபரன்ஸ் ஒண்ணொண்ணா பாப்பா, டேபிள்ல 48னு இருந்து உள்ள 84னு இருந்தா எது சரின்னு ஆத்தருக்கு கேள்வி போடுவா, இன்னொருத்தர் இது தலைப்பு, இது ரெஃபரன்ஸ்னு கம்ப்யூட்டருக்குப் புரியுற எக்ஸ்எம்எல் டேக் போடுவார், அதுக்கு 2012லேருந்து ஜாட்ஸ்னு ஒரு ஸ்டாண்டர்டே இருக்கு, அப்புறம் பேஜ், புரூஃப், கரெக்‌ஷன், ஆன்லைன். எல்லாம் முடிஞ்சு வர்ற கட்டுரையில எங்க யார் பேரும் இருக்காது. இருக்கணும்னும் நான் கேக்கல, காப்பி எடிட்டர் பேர் பெரும்பாலும் எந்த ஊர்லயும் போடுறதில்ல.

என் வருத்தம் வேற. எங்க ஐயா பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது தொழில் பண்ண, போனவர். போகும்போது பெட்டியடிப் பையன், பெட்டிக்குப் பக்கத்துல உக்காந்து கணக்கு எழுதுறது, ஏவுன வேலையச் செய்யுறது, அவ்வளவுதான். அடுத்த கணக்குக்கு, அதாவது அடுத்த தவணைக்குப் போறப்ப அடுத்தாள், அப்புறம் மேலாள், அப்புறம் தனியா ஒரு கடை. செட்டிநாட்டுல இத யாருக்கும் வெளக்க வேண்டியதில்ல, பெட்டியடிக்குப் போற பையன் ஒருநாள் முதலாளியா வருவான்னு நம்பித்தான் ஆத்தாமாரு கப்பல் ஏத்தி விட்டாங்க. எங்க தொழில்ல அந்தப் படிக்கட்டு பாதியில நிக்குது. காப்பி எடிட்டர், சீனியர் காப்பி எடிட்டர், டீம் லீட், மேனேஜர், அதோட முடிஞ்சுது. எந்த ஜர்னல் தொடங்கணும், எந்தக் கட்டுரைய எடுக்கணும், விலை என்ன, புது சாஃப்ட்வேர் என்ன செய்யணும்னு முடிவு பண்ற நாற்காலி பெரும்பாலும் ஆம்ஸ்டர்டாம், லண்டன், நியூயார்க் மாதிரி ஊர்கள்லதான். இங்கேருந்து போய் அந்த நாற்காலியில உக்காந்தவங்க இருக்காங்க, இல்லன்னு சொல்ல மாட்டேன், ஆனா அது வழி இருந்து போனது இல்ல, அவங்களா சுவர் ஏறிக் குதிச்சது.

நான் இருந்த ஒரு கம்பெனில, பேர் வேண்டாம், ஒரு பையன் ரெஃபரன்ஸ் சரிபாக்க தானா ஒரு மேக்ரோ, அதாவது சின்ன புரோகிராம், எழுதினான், டீமோட வேலை நேரம் நல்லாவே கொறஞ்சுது, அவனுக்கு கெடச்சது டார்கெட்ல இன்னும் பத்து பக்கம் ஏத்திவிட்டதுதான். அதுக்கு மேல இதப் பத்தி எழுதினா எனக்கு கோபம் வரும்.

இவ்வளவுக்கும் இந்தத் தொழில்ல புதுசா வந்த ஒரு பெரிய விஷயம் புரூஃப் பாத்து வெறுத்துப்போன ஒருத்தர் கண்டுபிடிச்சதுதான். அமெரிக்க கம்ப்யூட்டர் பேராசிரியர் டொனால்ட் நூத் 1977ல தன் புத்தகத்தோட புரூஃப் வந்தப்ப எழுத்து அசிங்கமா இருக்குன்னு கடுப்பாகி, நானே எழுதிக்கிறேன்னு உக்காந்து 1978ல கொண்டாந்ததுதான் பக்கம் கோக்குற டெக் சாஃப்ட்வேர், இன்னிக்கும் கணக்கு, பிசிக்ஸ் ஆளுங்க அதுலதான் கட்டுரை எழுதுறாங்க. பக்கத்துல திருவனந்தபுரத்துல அதையே புடிச்சுக்கிட்டு ஒரு தொழிலையே வளர்த்தாங்க, 2002ல டெக் உபயோகிக்கிறவங்களோட உலக மாநாடே அங்கதான் நடந்துச்சு. மலையாளிக்கு முடிஞ்சது நமக்கு முடியாதா என்ன.

இப்ப ஏஐ வந்திருக்கு. ரெஃபரன்ஸ் ஸ்டைல் மாத்துறது, டேக் போடுறது, கிராமர் திருத்துறது இதெல்லாம் மெஷினே பாதிக்கு மேல செஞ்சிடுது, புதுசா ஆள் எடுக்கிறது கொறஞ்சுபோச்சுன்னு சென்னை சிநேகிதிங்க சொல்றாங்க. எல்லாரும் வேலை போகுதேன்னு பொலம்புறாங்க, எனக்கு அதவிட பெரிய கவலை, பெட்டியடிப் பையனே இல்லன்னா நாளைக்கு மேலாள் எங்கேருந்து வருவான்? ஆயிரம் கட்டுரை கையால பாத்தவளுக்குத்தான் ஆயிரத்து ஒண்ணாவது கட்டுரையில ஏதோ சரியில்லன்னு மூக்குல வாசம் அடிக்கும்.

அந்த மூக்குக்கு இப்ப எவ்வளவு தேவை இருக்குன்னு பாருங்க. வைலி கம்பெனி 2021ல ஹிந்தாவின்னு ஒரு பதிப்பகத்த கிட்டத்தட்ட 30 கோடி டாலருக்கு வாங்குச்சு, 2023ல மட்டும் அந்த ஹிந்தாவி ஜர்னல்கள்லேருந்து 8,000க்கு மேல கட்டுரைய வாபஸ் வாங்க வேண்டியதாப் போச்சு, காசு வாங்கிட்டு போலிக் கட்டுரை செஞ்சு குடுக்கிற கும்பல் உள்ள பூந்திருச்சு. கடைசில ஹிந்தாவிங்கற பேரையே எடுத்துட்டாங்க. 2024 பிப்ரவரில ஏஐ வரைஞ்ச ஒரு எலிப் படம், அர்த்தமே இல்லாத லேபிளோட, ரிவ்யூவத் தாண்டி ஒரு ஜர்னல்ல வந்து ரெண்டு மூணு நாள்ல வாபஸ் ஆச்சு. எலிசபெத் பிக்னு ஒரு அம்மா இருக்காங்க, மைக்ரோபயாலஜிஸ்ட், அவங்க 20,621 கட்டுரையோட படங்கள கண்ணாலயே பாத்து 2016ல ரெண்டு பேரோட சேந்து எழுதினாங்க, அதுல 3.8 சதவீதத்துல ஒரே படத்த திரும்பப் போட்டது மாதிரி கோளாறு. இப்ப பதிப்பகங்கள்ல ரிசர்ச் இன்டெக்ரிட்டின்னு தனி டீமே போடுறாங்க. படம் பாக்குறது, டேட்டா பாக்குறது, ரிவ்யூவர் நெஜமான ஆளான்னு பாக்குறது. இது நம்ம பிள்ளைங்களுக்குப் போக வேண்டிய வேலை, ஏன்னா இத்தன வருஷமா வரி வரியா படிச்சது அவங்கதான். ஆனா அதுக்கு ஒரு படிப்பு இங்க எங்க இருக்கு?

இங்கன்னு நான் சொல்றது காரைக்குடிய. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நெலமும் 15 லட்சமும் குடுத்து வந்த சிக்ரி, அதாவது மத்திய அரசோட மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கு, அழகப்பா பல்கலைக்கழகம் இருக்கு. சிக்ரிலேருந்து புல்லட்டின் ஆஃப் எலக்ட்ரோகெமிஸ்ட்ரின்னு ஒரு இங்கிலீஷ் ஜர்னலே ஒரு காலத்துல வந்துட்டிருந்துச்சு, காரைக்குடி அட்ரஸ் போட்டு, வெளிநாட்டுக்காரங்க அதுல எழுதினாங்க. இது இந்த ஊர்ல எத்தன பேருக்குத் தெரியும்? கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் சேத்து வச்ச புத்தகமும் பத்திரிகையும் அவர் காலத்துக்கு அப்புறம் சிகாகோ யுனிவர்சிட்டி வாங்கினதாலதான் சென்னையில ஆராய்ச்சி நூலகமா நிக்குது. அவர் சேத்ததோட அருமை அவ்வளவு தூரத்துல இருக்கிறவங்களுக்குத் தெரிஞ்சுது, நம்ம சுத்துவட்டாரத்துல தெரியல.

இன்னொரு பக்கம் பாருங்க, மத்திய அரசு ஒரே நாடு ஒரே சந்தான்னு 2025லேருந்து 2027 வரைக்கும் 6,000 கோடி ரூபா ஒதுக்கி 30 பதிப்பகங்களோட கிட்டத்தட்ட 13,000 ஜர்னல அரசு காலேஜ் பிள்ளைங்க படிக்க வாங்கிக் குடுக்குது. நல்ல திட்டம்தான், படிக்கிற பிள்ளைக்கு அது பெரிய வரம். ஆனா அதுல எத்தனையோ பக்கம் நம்ம பிள்ளைங்க கை பட்டு வெளிநாடு போனது, அதையே காசு குடுத்துத் திரும்ப வாங்குறோம்ங்கறதும் உண்மைதானே. அந்தப் பணத்துல சின்னத் துளி இங்க ஒரு ஜர்னல் நடத்தப் போனா என்ன?

நம்ம காலேஜ்கள்ல சர்வதேசக் கருத்தரங்குன்னு பேனர் கட்டி, ஆளாளுக்குப் பணம் கட்டி, வந்த கட்டுரை அத்தனையும் ஒரு தடிப் புத்தகமா போட்டு சர்டிஃபிகேட் குடுக்குறாங்க. அத யாரும் படிக்கிறதில்ல, கூகுள்ல தேடினாலும் வராது, கட்டுரைய அடையாளம் காட்டுற டிஓஐ நம்பர் கெடையாது, தமிழ்க் கட்டுரையா இருந்தா பாமினி மாதிரி பழைய ஃபான்ட்ல அடிச்ச பிடிஎஃப், ஒரு வார்த்தைய தேட முடியாது. இத நிறுத்திட்டு ஒரே ஒரு ஜர்னல ஒழுங்கா நடத்தட்டும். கனடாவுல ஜான் வில்லின்ஸ்கி தொடங்கின குழு செஞ்ச, ஜர்னல் நடத்துறதுக்கான ஓஜேஎஸ் சாஃப்ட்வேர் இலவசம், யூனிகோட்ல அடிச்சா தமிழ் அழகா வரும், டிஓஐ குடுக்குற கிராஸ்ரெஃப்ங்கற அமைப்புல மெம்பராயி அத வாங்குறது ஒரு காலேஜுக்கு பந்தல் செலவு கூட ஆகாது. எழுதவா விஷயம் இல்ல? ஆத்தங்குடி கல்லு, கண்டாங்கி சேலை, ஊரணி, பூட்டிக் கெடக்குற வீட்டுல கரையான் அரிக்கிற கணக்கு ஏடு, எதை எடுத்தாலும் பத்து வருஷத்துக்கு வரும். அந்த ஜர்னல்ல எம்.ஏ., லைப்ரரி சயின்ஸ் படிக்கிற பிள்ளைங்க முதல் வருஷம் ரெஃபரன்ஸ் பாக்கட்டும், ரெண்டாம் வருஷம் ரிவ்யூவருக்கு லெட்டர் போடட்டும், ஒரு கட்டுரைய ஏன் திருப்பி அனுப்புறோம்னு தானே எழுதிப் பழகட்டும். இத ஒருத்தன் இருபத்திரண்டு வயசுல பழகிட்டா எந்த ஊர் பதிப்பகத்துலயும் நாற்காலிக்கு இன்டர்வ்யூ போகலாம்.

உங்ககிட்ட கேக்குறது ரெண்டு. அந்த கேரியர் பக்கத்துல ஒரு நாள் அரைப் பக்கம் இந்தத் தொழிலுக்குக் குடுங்க, ஆரம்ப சம்பளம் கம்மி, கண்ணு வலிக்கும், கெடு நெருக்கும், அதையும் மறைக்காம போடுங்க. அடுத்து, இந்தப் பக்கத்து காலேஜ்காரங்க யாராவது படிச்சிட்டு ஒரு சின்ன டிப்ளமோ ஆரம்பிக்கலாம்னு நெனச்சா, சனி ஞாயிறுல வந்து கிளாஸ் எடுக்க நானும் கூட வேலை பாத்த சிலரும் தயாரா இருக்கோம், புரொஜெக்டரும் நெட்டும் இருக்கிற ஒரு ரூம் குடுத்தா போதும்.

இப்படிக்கு,
ஒரு காப்பி எடிட்டர்,
காரைக்குடி.