மீன்தொட்டிப் பாசி பற்றி ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கும், பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டு அழைத்துப்போகும் அப்பாரு, அப்பத்தா, அம்மிச்சி எல்லோருக்கும் வணக்கம்.

போன வாரம் ஆறாம் வகுப்புப் பையன் ஒருவனுடைய அப்பத்தா நேராக என் அறைக்கே வந்துவிட்டார். கையில் பேரனின் சாப்பாட்டு டப்பா. மூடியைத் திறந்து மேசைமேல் வைத்தார். உள்ளே கொழகொழவென்று ஒரு கைப்பிடிப் பச்சைப் பாசி. "ஏனுங்க டீச்சர், படிக்கோணும்னு அனுப்புனா இவன் பாசி வழிச்சுட்டு வர்றானுங்க" என்றார். பள்ளி மீன்தொட்டித் தண்ணீரைச் சுத்தமாக்கப் பிள்ளைகள் வளர்த்து வழித்தெடுக்கும் பாசி அது. செடிக்கு நல்ல உரம் என்று எடுத்துப்போன பையன் டப்பாவை அப்படியே மறந்துவிட்டான். மறுநாள் காலை அதைத் திறந்தவர் அப்பத்தா. நாற்றம் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

அவர் கேட்டது நியாயம்தான். அவரை மீன்தொட்டிக்குப் பக்கத்தில் அழைத்துப்போய் எல்லாவற்றையும் காட்டினேன். அன்று அவரிடம் சொன்னதைத்தான் இங்கே உங்கள் எல்லோருக்கும் எழுதுகிறேன்.

நுழைவாயிலில் இருக்கும் மூன்றடித் தொட்டி முன்னாள் மாணவர்கள் வாங்கிக் கொடுத்தது. தங்கமீன், மோலி, கப்பி என்று கலந்து விட்டிருந்தோம். போன ஆண்டு ஜூன் மாதம் கண்ணாடி முழுக்கப் பச்சை படிந்து, லேசாக வாடையும் வர ஆரம்பித்தது. மறுநாள் பள்ளிக்கு ஆய்வு வருகிறார்கள் என்று தகவல். தண்ணீரை முழுசாக மாற்றி, கல்லையும் ஃபில்டர் ஸ்பாஞ்சையும் குழாயடியில் நன்றாக அலசிவிடச் சொன்னேன். சாயங்காலம் தொட்டி கண்ணாடி மாதிரி பளபளத்தது. விடிந்து பார்த்தால் பதினொரு மீன் மிதந்தது. ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி, "டீச்சர், தண்ணி சுத்தமாத்தானே இருந்துச்சு?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. தவறு முழுக்க என்னுடையது. அந்தக் கேள்வியிலிருந்துதான் இந்தப் பாசி வேலை தொடங்கியது.

அறிவியல் ஆசிரியர் அப்புறம் விளக்கினார். குழாய்த் தண்ணீரில் கிருமி கொல்லக் கலக்கும் குளோரின் மீனின் செவுளை அரித்துவிடும். தண்ணீரைத் திறந்த வாளியில் ஒரு நாளாவது வைத்துத்தான் ஊற்ற வேண்டும். இன்னொன்று, கல்லிலும் ஸ்பாஞ்சிலும் குடியிருந்த நல்ல பாக்டீரியாக்களை நாங்களே அலசிச் சாக்கடையில் விட்டுவிட்டோம்.

உங்களில் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு யூரியாவைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. பயிரைப் பச்சையாக்குவது அதிலுள்ள தழைச்சத்து, அதாவது நைட்ரஜன். மீன் தின்னும் தீனியிலும் அதே சத்து இருக்கிறது. தின்றது செரித்து, பெரும்பகுதி அம்மோனியாவாகச் செவுள் வழியே தண்ணீருக்கு வருகிறது. அது மீனுக்கு நஞ்சு. ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் நஞ்சுதான். இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் அவ்வளவு கெடுதல் இல்லை, ஆனால் அது எங்கேயும் போகாது. தொட்டியிலேயே நாள்பட நாள்படச் சேர்ந்துகொண்டிருக்கும். கடையில் விற்கும் ஸ்பாஞ்சு ஃபில்டரின் வேலை இந்த இடத்தோடு முடிந்துவிடுகிறது. சேர்ந்த உரத்தைக் குறைக்க வாரா வாரம் கால்வாசித் தண்ணீரை மாற்றச் சொல்வார்கள். நல்ல தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது என்று உங்களுக்கே தெரியும். போர் தண்ணீரோ கடும் உப்பு.

ஆக, உரம் மிதமிஞ்சிப் போன தண்ணீர், வெளிச்சமும் விழுகிறது. அதனால்தான் கண்ணாடியில் பாசி பிடித்தது. சொட்டுநீர் போட்டவர்கள் ஃபில்டரில் அடைக்கும் பாசியைத் திட்டாத நாளிருக்காது. அந்தப் பாசியையே நாம் கேட்கும் இடத்தில் வளர்த்து, நாம் வேண்டும்போது அறுத்து எடுத்துவிட்டால்? அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் பவளப்பாறைகளை ஆராய்ந்த வால்ட்டர் ஏடி என்பவர் இதைத்தான் செய்தார். பவளப்பாறை மேல் புல்தரை மாதிரி படரும் பாசி அங்குள்ள தண்ணீரிலிருந்து சத்தை உறிஞ்சிக்கொள்வதைக் கவனித்து, அதையே தொட்டிக்கு ஒரு கருவியாக்கினார். 1982இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். இன்று உலகெங்கும் மீன் வளர்ப்பவர்கள் அதை வீட்டிலேயே எளிதாகச் செய்துகொள்கிறார்கள்.

எங்கள் பிள்ளைகள் செய்ததும் அந்த எளிய வடிவம்தான். முக்கால் அங்குல பி.வி.சி. குழாய் ஒரு துண்டு, ஒரு முனைக்கு மூடி. குழாயின் அடிப்பக்கத்தில் நீளவாக்கில் மூன்று மில்லிமீட்டர் அகலத்துக்கு ஒரு பிளவு. இதை அறுத்துக் கொடுத்தவர் ஒரு மாணவியின் அப்பா, பிளம்பர். கூலி வாங்க மறுத்துவிட்டார். பிளவுக்குள் ஒரு வலைத்தகடு செருகித் தொங்குகிறது. ஊல் நூல் கோத்துப் பூப்போட விற்பார்களே, கட்டம் கட்டமான பிளாஸ்டிக் தகடு, அது. வழுவழுப்பாக இருந்தால் பாசி பிடிக்காது என்பதால் ஹேக்ஸா பிளேடால் இரண்டு பக்கமும் நன்றாகச் சுரண்டிச் சொரசொரப்பாக்கினார்கள். பழைய ஏர்கூலரின் மோட்டார் தொட்டித் தண்ணீரைக் குழாய்க்கு ஏற்றுகிறது. தண்ணீர் பிளவு வழியாக வலையின் இரண்டு பக்கமும் திரை மாதிரி வழிந்து தொட்டிக்கே திரும்புகிறது. வலை தொங்குவது வெள்ளை பிளாஸ்டிக் டப்பா ஒன்றுக்குள். டப்பாவுக்கு வெளியே இரண்டு பக்கமும் பத்து வாட் எல்.இ.டி. விளக்கு, மஞ்சள் கலந்த வெளிச்சம் தருவது. விளக்கு வெளிச்சம் தொட்டியின் மேல் விழாதபடி அட்டை வைத்து மறைத்திருக்கிறோம். இல்லையென்றால் தொட்டிக்குள்ளும் பாசி வளர்ந்துவிடும்.

முதல் வலை 20 சென்டிமீட்டர் அகலம். நடுவில் தண்ணீர் நன்றாக வழிந்தது, ஓரம் இரண்டும் காய்ந்தே கிடந்தது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் பத்து லிட்டர் வாளியை வைத்து நேரம் பார்த்தார்கள். நிரம்ப 48 விநாடி. அப்படியென்றால் மணிக்கு 750 லிட்டர். வலையின் ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்கு மணிக்குச் சுமார் 50 லிட்டர் வேண்டும் என்பது இதைச் செய்பவர்களின் கணக்கு. எனவே 15 சென்டிமீட்டருக்கு மேல் இந்த மோட்டார் தாங்காது. வலையை வெட்டிச் சிறிதாக்கினார்கள், சரியாகிவிட்டது. விகிதமும் நேரமாறலும் நான் எத்தனையோ வருடம் கரும்பலகையில் நடத்தியிருக்கிறேன். இந்த ஒரு வாளிக்கு முன்னால் அதெல்லாம் ஒன்றுமில்லை என்றுதான் தோன்றுகிறது.

முதல் வாரம் ஒன்றுமே நடக்கவில்லை. இரண்டாம் வாரம் பழுப்பு நிறத்தில் ஒரு வழவழப்பு. பிள்ளைகளுக்கு ஏமாற்றம். மூன்றாம் வாரக் கடைசியில்தான் பச்சை இழை எழுந்தது. அப்புறம் பிடித்த வேகத்தைப் பார்க்க வேண்டுமே! பிளவுக்குள்ளேயே பாசி புகுந்து தண்ணீரை அடைத்தது. அந்த இடத்தில் கறுப்பு டேப் சுற்றி வெளிச்சத்தை மறைத்ததும் நின்றது. இப்போது வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் வலையைக் கழற்றி, பழைய பிளாஸ்டிக் அட்டையால் ஒரு பக்கம் வழிக்கிறார்கள். அடுத்த வாரம் மறுபக்கம். அடியில் மெல்லிசாக ஒரு படலம் விட்டுவிட வேண்டும், அதிலிருந்துதான் மறுபடி துளிர்க்கும்.

வழிப்பதுதான் இதில் முக்கால்வாசி வேலை, அதனால்தான் உங்கள் பிள்ளைகளின் கையில் அந்த வாடை. நாலைந்து வாரம் வழிக்காமல் விட்டால் மேல்பாசி தடித்து அடிப்பாசிக்கு வெளிச்சம் கிடைக்காது. அது செத்து அழுகிப் பிய்ந்து விழும், உறிஞ்சிய சத்து முழுக்கத் தண்ணீருக்கே திரும்பிவிடும். கோயமுத்தூர் வாலாங்குளம் பக்கம் போனவர்கள் ஆகாயத்தாமரை மூடிக் கிடந்ததைப் பார்த்திருப்பீர்கள். சாக்கடைத் தண்ணீரில் வரும் சத்தைத் தின்றுதான் அது அப்படிக் கொழுக்கிறது. எடுத்து அப்புறப்படுத்தினால் சத்தும் வெளியே போகும். அங்கேயே அழுகவிட்டால் குளத்துக்குள்ளேயே தங்கும். பிள்ளைகள் இதைத் தாங்களாகவே கேட்டார்கள். "அப்ப நொய்யல்ல விடற சாயத்தண்ணிக்கும் பாசி போதுமா டீச்சர்?" என்றும் ஒருவன் கேட்டான். போதாது. சாயக்கழிவில் உள்ள உப்பைப் பாசி எடுக்காது, அதற்கு வேறு சுத்திகரிப்பு வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

நம் தொட்டியிலும் தண்ணீர் மாற்றுவது அடியோடு நிற்கவில்லை. ஆவியாகப் போகும் தண்ணீருக்கு ஈடு ஊற்ற ஊற்ற உப்பு சேரும் என்பதால் மாதம் ஒருமுறை கொஞ்சம் மாற்றுகிறோம். கண்ணாடியை முன்பு வாரா வாரம் தேய்த்தோம், இப்போது மூன்று வாரத்துக்கு ஒருமுறை. நைட்ரேட் பார்க்கும் சோதனைக் குப்பி முன்பு அடர்சிவப்பாக மாறும், இப்போது ஆரஞ்சோடு நிற்கிறது.

சில பெற்றோர்கள், "எதற்கு இவ்வளவு பாடு, ஒரு டேங்க் கிளீனர் மீன் வாங்கி விடுங்களேன்" என்றீர்கள். அது பாசியைத் தின்னும், தின்றதைத் தண்ணீரிலேயே கழிக்கவும் செய்யும். உரம் தொட்டியை விட்டு வெளியேறாது. ஒரு முழம் வரைக்கும் வளரும். வளர்ந்ததும் பாவம் என்று குளத்திலோ வாய்க்காலிலோ கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள். நம் நாட்டு மீன்களோடு இரைக்கும் இடத்துக்கும் போட்டி போட்டு அது அங்கே பெருகிவிடுகிறது. தயவுசெய்து வீட்டு மீன் எதையும் நீர்நிலையில் விடாதீர்கள்.

மின்சாரம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மோட்டார் நாள் முழுக்க ஓடுகிறது, விளக்கு டைமரில் 14 மணி நேரம். இரண்டும் சேர்ந்து மாதம் ஏறக்குறைய 21 யூனிட். பிளக்கைத் தொடுவது ஆசிரியர்கள் மட்டும். தண்ணீரில் கை விடும் முன் பிளக் பிடுங்கப்படும், மின்கசிவில் தானாக அணையும் கருவியும் பொருத்தியிருக்கிறோம். வீட்டில் செய்ய வேண்டும் என்று பிள்ளைகள் அடம்பிடித்தால் செய்யவிடுங்கள், ஆனால் மின்சார வேலை பெரியவர்கள் கையில் இருக்கட்டும். வயர் பிளக்குக்கு வரும் முன் தாழ்வாக ஒரு வளைவு தொங்க வேண்டும். வயர் வழியாக இறங்கும் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். கையில் காயம் உள்ள பிள்ளைகளை வழிக்க விடுவதில்லை. மற்றவர்கள் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகுதான் வகுப்புக்குப் போகிறார்கள்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். பிறந்தநாளுக்கு மீனுக்கும் விருந்து என்று பொரியும் பிஸ்கட்டும் கொடுத்தனுப்பாதீர்கள். தொட்டியின் அளவைவிட உள்ளே விழும் தீனியின் அளவுதான் இந்த வலைக்குக் கணக்கு. போன மாதம் ஒரே நாளில் மூன்று பிறந்தநாள் வந்து, தண்ணீர் தெளிய ஒரு வாரம் ஆனது.

பொங்கல் நோம்பி விடுமுறையில் பக்கத்தில் இருக்கும் மூன்று குடும்பங்கள் முறைபோட்டு வந்தால் நல்லது. ஒருநாள் விட்டு ஒருநாள் ஒரு சிட்டிகைத் தீனி, பட்டிப் பொங்கல் முடிந்த மறுநாள் ஒருமுறை வழிப்பது, அவ்வளவுதான். பராமரிப்புக்காகக் கரண்ட் நிறுத்தும் நாளில் வலை காயாமல் அவ்வப்போது ஒரு குவளைத் தொட்டித் தண்ணீரை அதன்மேல் ஊற்ற வேண்டும். சாவி காவலரிடம் இருக்கும். வரமுடிந்தவர்கள் பிள்ளையின் நாட்குறிப்பில் எழுதி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்

பி.கு. வழித்த பாசி பள்ளி முருங்கைக்கும் கறிவேப்பிலைக்கும் போகிறது. வீட்டுக்கு வேண்டுமென்றால் ஒரு பழைய பையைக் கொடுத்தனுப்புங்கள். சாப்பாட்டு டப்பாவில் இனி எடுத்துப்போக விடமாட்டோம்.