அடுப்பிடம் பேசிய ஆசிரியை

மதிப்பிற்குரிய நகராட்சிக் கல்வி வாரியத் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். இந்த மடலின் ஜப்பானிய வடிவம் அஞ்சலில் உங்களுக்கு வந்து சேர்ந்திருக்கும். உங்கள் வழக்கப்படி பருவநிலையை விசாரிக்கும் முதல் பத்தியும், அடுக்கடுக்கான பணிவுச் சொற்களும் அதில் உண்டு. தமிழில் அவற்றை விட்டுவிடுகிறேன். தமிழிலும் எழுதக் காரணம், உங்கள் ஊருக்கு அடுத்து வரப்போகும் துணை ஆங்கில ஆசிரியர் மதுரையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ வரக்கூடும் என்பதுதான். உங்களோடு சேர்த்து அவரும் இதைப் படிக்கட்டும்.

ஊரின் பெயரை இங்கே சொல்லவில்லை. சானின் பகுதியில், ஜப்பான் கடலைப் பார்த்தபடி இருக்கும் சிறு நகரம் என்பது போதும். ஒற்றைப் பெட்டி டீசல் ரயில் வந்து நிற்கும். பின்கதவில் ஏறி எண் சீட்டை எடுத்துக்கொண்டு, இறங்கும்போது ஓட்டுநர் பக்கத்துப் பெட்டியில் காசு போடவேண்டும். 'சாப்பாட்டை மறந்தாலும் குடையை மறக்காதே' என்று அந்தப் பக்கத்தில் ஒரு பழமொழி உண்டு. முதல் நவம்பரிலேயே அதன் பொருள் எனக்கு விளங்கிவிட்டது.

2019 ஏப்ரலில் வந்தேன். விசாவுக்காகப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆங்கில வழியில் படித்ததற்குச் சான்று கேட்டார்கள். என் பழைய பள்ளிக்குப் போய், எழுத்தர் தேநீர் குடித்து முடிக்கும்வரை காத்திருந்து, முத்திரை வாங்கி வந்தேன். சின்ன வயதில் வகுப்பில் தமிழில் பேசியதற்குக் கட்டிய அபராதமெல்லாம் இப்படி ஒருநாள் பயன்படும் என்று யாருக்குத் தெரியும்? வந்த பிறகு வீட்டுக்கு உத்தரவாதம், வீட்டுக்காரர் திருப்பித் தராத 'நன்றிப் பணம்', பழைய கார், பதினெட்டு லிட்டர் மண்ணெண்ணெய்க் கேன் என்று செலவுகள் வரிசையில் வந்தன. சிறுநகரத்துக்குக் குடிபோகும் எவருக்கும் நேர்வதுதான் இது. இதில் உங்கள்மேல் எனக்குக் குறையில்லை.

என் குறை ஒப்பந்தத்தைப் பற்றியது.

உங்கள் பள்ளிகளில் மூன்றாண்டுகள் வேலை செய்தேன். ஆனால் உங்களிடம் வேலை செய்யவில்லை. நீங்கள் டெண்டர் விட்டு ஒரு நிறுவனத்துக்குப் பணியை ஒப்படைத்திருந்தீர்கள். ஆளை அனுப்பும் ஒப்பந்தம் வேறு, பணியை ஒப்படைக்கும் ஒப்பந்தம் வேறு. முதலாவதில் பள்ளி எனக்கு வேலை சொல்லலாம். ஆனால் மூன்றாண்டு வரம்பு போன்ற கட்டுப்பாடுகள் அதற்கு உண்டு. இரண்டாவதில் அந்த வரம்பு இல்லை. மாறாக, பள்ளி ஆசிரியர் எனக்கு நேரடியாக எந்த அறிவுறுத்தலும் தரக்கூடாது. தந்தால் அது போலி ஒப்பந்தப் பணி, சட்ட மீறல். வகுப்பில் இரண்டு பேர் சேர்ந்து நின்று பாடம் நடத்தவேண்டும். ஆனால் ஒருவர் மற்றவரிடம் 'அந்தப் பாட்டை இன்னொரு முறை பாடலாமா?' என்று கேட்கக்கூடாது. பிள்ளைகளுக்கு உரையாடல் கற்றுத்தர என்னை அழைத்துவந்து, வகுப்பாசிரியரோடு நான் உரையாடுவதைத் தடை செய்திருந்தீர்கள்.

நீங்கள் இதை வேண்டுமென்று செய்யவில்லை. நிதிப் பிரிவில் யாரோ இரண்டு விலைப்புள்ளிகளை ஒப்பிட்டுக் குறைந்ததில் முத்திரை வைத்திருப்பார். அதன் விளைவு வகுப்பறையில் எப்படி இருந்தது என்பதை மட்டும் சொல்கிறேன்.

ஐந்தாம் வகுப்பு ஆசிரியைக்கு ஐம்பது வயதுக்கு மேல். நல்ல ஆசிரியை. பதினோரு பிள்ளைகள் இருந்த அந்த வகுப்பில் யார் காலையில் சாப்பிடாமல் வந்திருக்கிறார்கள் என்பதை முகம் பார்த்தே சொல்லிவிடுவார். ஆங்கிலம் மட்டும் அவருக்கு அச்சம். பணியில் சேர்ந்த காலத்தில் தொடக்கப் பள்ளியில் அந்தப் பாடமே கிடையாது. 2011-இல் ஐந்து, ஆறாம் வகுப்புகளுக்கு அயல்மொழிச் செயல்பாடு கட்டாயமானது. 2020 ஏப்ரலில் மதிப்பெண்ணோடு கூடிய முழுப் பாடமாகி ஆண்டுக்கு 70 பாடவேளைகள் வந்தன. செயல்பாடுகள் மூன்றாம் வகுப்புக்கு இறங்கின. ஓய்வுக்கு அருகில் இருந்த ஒருவர் தலையில் ஒரு புதிய பாடத்தை ஏற்றிவிட்டு, துணைக்கு வந்தவளிடம் பேசக்கூடாது என்றால் அவர் என்ன செய்வார்?

முறைப்படி நடந்தார். தமக்கு வேண்டியதைத் தாளில் எழுதித் துணைத் தலைமையாசிரியரிடம் கொடுப்பார். அது உங்கள் அலுவலகத்துக்கு ஃபாக்ஸில் போகும். அங்கிருந்து நிறுவனத்துக்கு. நிறுவனத்திலிருந்து எனக்கு மின்னஞ்சல் வரும், மறுநாள் மாலை. எனக்கும் அவருக்கும் இடையில் இருந்தது இரண்டு மேசைகளும் ஒரு மண்ணெண்ணெய் அடுப்பும்.

அந்த அடுப்புதான் வழிகாட்டியது. டிசம்பரில் ஒருநாள் காலை, கைகளைச் சூடேற்றுவதுபோல் வந்து நின்று, அடுப்பைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்: "மூன்றாம் பாடவேளையில் யாராவது கிழமைகளை இன்னும் ஒருமுறை சொல்லிக்கொடுத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! வியாழனும் செவ்வாயும் இவர்களுக்குக் குழம்புகின்றன." என் பக்கம் திரும்பவே இல்லை. நானும் அடுப்பைப் பார்த்து, "அதற்கு ஒரு சீட்டு விளையாட்டு இருக்கிறது" என்றேன். தமக்குள் புலம்பும் ஓர் ஆசிரியை, தனக்குள் முணுமுணுக்கும் ஓர் அயல்நாட்டுக்காரி. இதைத் தடுக்கும் சட்டப்பிரிவு எதுவும் இல்லை.

வெயில் காலத்தில் அடுப்பை எடுத்து வைத்துவிடுவார்கள். அப்போது நகலெடுக்கும் இயந்திரத்திடம் பேசினோம்.

நோய்த்தொற்றுக் காலத்தில் முகக்கவசத்துக்குப் பின்னால் நாக்கை எங்கே வைப்பது என்று யாருக்கும் காட்ட முடியவில்லை. 'எஃப்' ஒலிக்குப் பல் உதட்டில் படவேண்டும் என்பதைக் கரும்பலகையில் படமாக வரைந்தேன். மதிய உணவும் பேச்சில்லாமல்தான்; எல்லாரும் முன்பக்கம் பார்த்து அமர்ந்து சாப்பிட்டார்கள். ஒருநாள் ஒரு பையன் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, "சென்செய், நீங்கள் அமெரிக்காவா, இங்கிலாந்தா?" என்று கேட்டான். இரண்டும் இல்லை என்றேன். "அப்படியானால் ஆங்கிலத்தை நீங்களும் படித்துத்தான் கற்றீர்களா?" என்றான். ஆமாம் என்றதும் அவன் முகத்தில் வந்த தெம்பை எந்த மதிப்பீட்டுப் படிவத்திலும் நான் எழுத முடியவில்லை. படிவத்தில் அதற்குக் கட்டமில்லை.

உங்கள் பக்கத்து ஊர்க் கதையையே நினைவூட்டுகிறேன். 1890 ஆகஸ்டில் மாட்சுயேவுக்கு ஆங்கிலம் கற்பிக்க வந்தார் எழுத்தாளர் லஃப்காடியோ ஹெர்ன். அவரும் இங்கிலாந்துக்காரர் அல்லர். கிரேக்கத் தாய்க்கும் அயர்லாந்துத் தந்தைக்கும் பிறந்தவர். ஷிமானே மாநில நிர்வாகமே அவரை நேரடியாகப் பணியமர்த்தியது. மாதம் 100 யென் சம்பளம். அதே நடுநிலைப் பள்ளியில் இருந்த நிஷிதா செந்தாரோ அவருக்கு நண்பராகவும் வழிகாட்டியாகவும் அமைந்தார். குளிர் தாங்காமல் 1891 நவம்பரிலேயே ஹெர்ன் குமாமோட்டோவுக்குப் போய்விட்டார் என்பது உண்மை. (அந்தக் குளிரைப் பொறுத்தவரை நான் முழுக்க அவர் கட்சி.) பின்னாளில் ஜப்பானியக் குடிமகனாகிக் கொய்சுமி யாகுமோ என்று பெயர் மாற்றிக்கொண்டார். மாட்சுயேவில் இருந்தது பதினைந்து மாதம்தான். அந்த நகரம் இன்றும் அவர் வீட்டையும் அவர் பெயரில் ஒரு நினைவகத்தையும் பேணுகிறது. நிஷிதா ஹெர்னிடம் சொல்ல நினைத்ததை மாநில அலுவலகத்துக்கு எழுதி அனுப்பியிருந்தால் என்னவாகியிருக்கும்?

உங்கள் தரப்பும் எனக்குத் தெரியும். அயல்நாட்டவரை அரசே வரவழைத்துப் பள்ளிகளுக்கு அனுப்பும், 1987-இல் தொடங்கிய ஜெட் திட்டத்தில் முன்பு நீங்களும் ஆட்களை எடுத்தீர்கள். அந்தச் செலவு உள்ளாட்சிகளுக்கு மத்திய அரசு பகிரும் வரிப்பணக் கணக்கில் சேர்க்கப்படுகிறது; ஆகவே அன்று கசந்தது பணமாக மட்டும் இருந்திருக்காது. யார் வருவார் என்பது உங்கள் கையில் இல்லை. வந்தவருக்கு வீடு தேடி, வங்கிக்கு அழைத்துப்போய், பல்வலி வந்தால் மருத்துவரிடம் கூட்டிப்போய், வாரியத்தில் ஓர் ஊழியரின் பாதி நேரம் அதிலேயே போனது என்று கேள்விப்பட்டேன். நிறுவனம் அந்தத் தொல்லையை வாங்கிக்கொண்டது. உண்மையில் என்னைப் பல் மருத்துவரிடம் அழைத்துப்போனவரும் அந்த ஐந்தாம் வகுப்பு ஆசிரியைதான். காரில் பேச அடுப்பு தேவைப்படவில்லை. அது பள்ளி நேரத்துக்கு வெளியே.

நிறுவனத்துக்கும் தன் கணக்கு உண்டு. வாரம் இருபத்தொன்பதரை மணி நேரம் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது. முப்பதைத் தொட்டால் நலக் காப்பீட்டிலும் ஓய்வூதியத்திலும் என்னைச் சேர்க்கவேண்டியிருக்கும். அந்த அரை மணி நேரத்தின் மகிமை அவ்வளவுதான். 2024 அக்டோபர் முதல் 51 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் நிறுவனங்களில் வாரம் இருபது மணி நேரத்துக்கே சேர்க்கவேண்டும் என்று விதி மாறியிருக்கிறது. அடுத்து வருபவருக்கு அந்த மட்டில் நிம்மதி. ஆகஸ்டில் பள்ளி இல்லை என்று அறுபது விழுக்காடு சம்பளம். அதையும் பொறுத்துக்கொண்டேன்.

பொறுக்க முடியாதது 2022 மார்ச். ஆண்டு முடிவில் மாறிப்போகும் ஆசிரியர்களை மேடையேற்றிப் பிள்ளைகள் பூங்கொத்து கொடுத்து அனுப்புவார்கள். அந்த விழா நடந்தபோது அடுத்த ஆண்டு டெண்டரின் முடிவு எனக்கு வரவில்லை. அதனால் மேடைக்குக் கீழே, மற்றவர்களுக்காகக் கைதட்டிக்கொண்டு நின்றேன். மூன்று நாள் கழித்து மின்னஞ்சல் வந்தது: வேறு நிறுவனம் குறைந்த விலைக்கு எடுத்துவிட்டது. ஏப்ரலில் வகுப்பில் வேறொருவர் நின்றதைப் பார்த்துத்தான் நான் போனது பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கிறது. ஆங்கிலத்தில் விடைபெறுவது எப்படி என்று அவர்களுக்கு மூன்றாண்டு சொல்லிக்கொடுத்தவள் நான்.

என் வேண்டுகோள் சிறியது. துணை ஆசிரியரை நகராட்சியே நேரடியாக நியமிக்கவேண்டும். 2020 முதல் 'நிதியாண்டு ஊழியர்' என்று ஒரு நியமன முறை உங்களிடமே இருக்கிறது; ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கும் அதன் நிலையாமை எனக்கும் தெரியும், ஆனாலும் அதில் வகுப்பாசிரியர் வாய் திறக்கலாம். ஜெட் திட்டத்துக்கே திரும்புவதானாலும் சரி. இரண்டும் உடனே முடியாதென்றால், டெண்டர் முடிவையாவது பிப்ரவரிக்குள் அறிவியுங்கள். அடுத்த ஆண்டு பட்ஜெட்டுக்கான கோரிக்கைகளை இலையுதிர் காலத்தில் எழுதத் தொடங்கிவிடுவீர்கள் என்பதால்தான் இப்போதே எழுதுகிறேன்.

ஜப்பானிய வடிவத்தில் பணிவுச் சொற்கள் பிழையில்லாமல் இருந்தால் அதற்குக் காரணம் நானில்லை. வரிவரியாகத் திருத்திக் கொடுத்தவர் அந்த ஆசிரியைதான். ஓய்வு பெற்றுவிட்டார். ஞாயிறுதோறும் தொலைபேசியில் ஒரு மணி நேரம் என்னிடம் நேராகவே பேசுகிறார்.

இப்படிக்கு,
2019 ஏப்ரல் முதல் 2022 மார்ச் வரை
உங்கள் பள்ளிகளில் ஆங்கிலம் கற்பித்தவள்