பொருந்தியது, ஓடவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் நின்றுவிட்டதால், விண்டோஸ் 11-க்கு மாற பழைய கம்ப்யூட்டரில் 'பிராசஸரை மட்டும் மாற்றினால் போதும்' என்று தங்கள் கேள்வி-பதில் பகுதியில் யோசனை சொல்லியிருந்தீர்கள். அதைப் படிப்பதற்கு முன்பே அந்தக் காரியத்தைச் செய்து கையைச் சுட்டுக்கொண்டவன் நான்.

என் வீட்டுக் கம்ப்யூட்டர் 2016-இல் வாங்கியது. இன்டெலின் ஆறாம் தலைமுறை ஐ5-6500 பிராசஸர், எச்110 சிப்செட் (போர்டின் கட்டுப்பாட்டு சிப்) உள்ள மதர்போர்டு. விண்டோஸ் 11 இன்டெலில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஏற்கும். ஆறாம் தலைமுறைக்கும் எட்டாம் தலைமுறைக்கும் சாக்கெட் (போர்டில் பிராசஸர் உட்காரும் இடம்) எல்ஜிஏ 1151 என்றே போட்டிருந்தது. பழைய சாமான் விற்கும் கடைக்காரரும், "அதே 1151 பின்தான் சார், கண்ணை மூடிக்கிட்டுப் போடுங்க" என்றார். எட்டாம் தலைமுறை ஐ5-8400 ஒன்றை 4,500 ரூபாய்க்கு வாங்கி வந்து, லிவரை அழுத்தினேன். அளவெடுத்துச் செய்தது போல உட்கார்ந்தது. ஃபேன் சுற்றியது. டிஸ்ப்ளே மட்டும் வரவில்லை. மூன்று முறை கழற்றி மாட்டினேன். ரேமை ரப்பரால் தேய்த்துக்கூடப் பார்த்தேன்.

பின் எண்ணிக்கைதான் ஒன்று. எட்டாம் தலைமுறையில் மின்சாரம் போகும் பின்களைக் கூட்டி, ஒதுக்கீட்டை இன்டெல் மாற்றிவிட்டது. அதற்கு எச்310 போன்ற 300 வரிசை சிப்செட் உள்ள போர்டு வேண்டும். எச்110-இல் ஆறாம், ஏழாம் தலைமுறைகள்தான் ஓடும்.

நாற்பது வருஷம் ரேடியோவும் ஆம்ப்ளிஃபயரும் பழுது பார்த்த எனக்கு, பணம் போனதைவிட வெட்கம்தான் அதிகம். பழைய ரேடியோ, ஆம்ப்ளிஃபயரில் வரும் இஎல்84 வால்வும் இசிசி83 வால்வும் ஒரே ஒன்பது கால் பேஸில் உட்காரும், ஆனால் வேலை வேறு, இடம் மாற்றிச் செருகாதே என்று கடைப் பையன்களை அதட்டியவனே நான்தான்.

இனி யோசனை சொல்லும்போது சாக்கெட்டோடு சிப்செட் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். போர்டின் மாடல் பெயர் போர்டிலேயே அச்சடித்திருக்கும். கேபினெட்டைத் திறக்கப் பயப்படுபவர்கள் ஸ்டார்ட்டில் எம்எஸ்இன்ஃபோ32 (msinfo32) என்று தட்டினால், பேஸ்போர்டு புராடக்ட் (BaseBoard Product) என்ற வரியில் பார்க்கலாம். அந்த மாடலில் எந்தப் பிராசஸர், எந்த பயாஸ் (போர்டிலேயே பதிந்திருக்கும் துவக்க மென்பொருள்) பதிப்பிலிருந்து ஓடும் என்ற பட்டியலைப் போர்டு கம்பெனியின் இணையதளம் தரும். பயாஸ் விஷயத்தை லேசாக நினைக்க வேண்டாம். பக்கத்து வீட்டுப் பையனின் பி450 போர்டு, இன்டெலின் போட்டிக் கம்பெனியான ஏஎம்டியின் பிராசஸருக்கானது, 2018-இல் வந்த ரகம். 2020-இல் வந்த ரைசன் 5000 வரிசைப் பிராசஸரைப் புது பயாஸ் ஏற்றிய பிறகு எடுத்துக்கொண்டது. ஏஎம்4 சாக்கெட்டை ஏஎம்டி அப்படி வருஷக்கணக்கில் விடாமல் வைத்திருந்தது. இன்டெலுக்கு அந்த தயவு இல்லை.

கடைசியில் ஐ3-12100-ம் எச்610 போர்டும் வாங்கினேன். எச்610-இல் புது ரக டிடிஆர்5 ரேமுக்கான போர்டும் உண்டு. டிடிஆர்4 போர்டாகக் கேட்டு வாங்கி, பழைய 8 ஜிபி ரேமைக் காப்பாற்றிக்கொண்டேன். விலை குறைவு என்று 12100எஃப்-ஐத் தலையில் கட்டப் பார்த்தார்கள். எஃப் என்று முடிந்தால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. தனி கார்டு இல்லாத என் வீட்டில் மறுபடியும் இருட்டுத் திரைதான்.

அந்த 8400, மிச்சமிருக்கும் இரண்டு இஎல்84 வால்வுகளோடு மேஜை டிராயரில் கிடக்கிறது. எச்310 போர்டு வைத்திருக்கும் வாசகர் யாராவது கேட்டால் பாதி விலைக்குக் கொடுத்துவிடுவேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ரேடியோ மெக்கானிக்,
கும்பகோணம்.