இச்சிரோவின் மட்டைக்குத் துணைநின்றவர்களுக்கு நன்றி மடல்

பெருமதிப்பிற்குரியவர்களுக்கு,

வணக்கம். 2025 ஜூலையில் அமெரிக்காவின் கூப்பர்ஸ்டவுன் நகரிலுள்ள பேஸ்பால் புகழ்க்கூடத்தில் இச்சிரோ சுசுகி இடம்பெற்றார். ஜப்பானில் பிறந்த ஆட்டக்காரர் ஒருவருக்கு அந்தப் பெருமை கிடைத்தது அதுவே முதல்முறை. வாக்களித்த 394 பேரில் 393 பேர் அவரை ஆதரித்தனர்; எஞ்சிய அந்த ஒருவர் யார் என்ற ஆராய்ச்சியை மற்றவர்களுக்கே விட்டுவிடுகிறேன். கிரிக்கெட் மட்டுமே தெரிந்திருந்த என்னை பேஸ்பால் பார்க்க வைத்தவர் இச்சிரோ. ஆகவே அவருக்குக் கைகொடுத்தவர்களுக்கும், குறிப்பாக அவருடைய மட்டை வீச்சில் கைவைக்காமல் விட்டவர்களுக்கும், ஒரு ரசிகனாக என் நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

முதல் வணக்கம் தந்தை நொபுயுகி சுசுகிக்கு. அய்ச்சி மாகாணத்தின் டொயோயாமாவில் சிறுவயது முதல் மகனை நாள்தவறாமல் பயிற்சிக்கு அழைத்துச் சென்றவர் அவர். அந்தப் பயிற்சி அளவுமீறிக் கடுமையாக இருந்ததென்று மகனே பின்னாளில் கூறியிருப்பதால், இந்த நன்றியைச் சற்றுத் தயக்கத்துடனேயே சொல்கிறேன்.

1991 இறுதியில் ஓரிக்ஸ் புளூவேவ் அணி அவரை நான்காம் சுற்றில்தான் தேர்ந்தெடுத்தது. பிட்சர் பந்தை எறியும் நேரத்தில் முன்காலைத் தூக்கிப் பின்னுக்கு இழுத்து, ஊசல்போல் மீண்டும் முன்னே கொண்டுவந்து, உடலின் எடையைப் பந்தை நோக்கி நகர்த்தியபடியே அடிப்பது அவருடைய பாணி. அன்றைய மேலாளருக்கு அது பிடிக்கவில்லை என்பதால் முதல் இரண்டு பருவங்களில் பெரும்பகுதி இரண்டாம் நிலை அணியிலேயே கழிந்தது. அங்கு அந்த வீச்சைக் கைவிடச் சொல்லாமல், அவரோடு சேர்ந்து அதைச் செம்மைப்படுத்திய பயிற்சியாளர் கென்இச்சிரோ கவாமுராவுக்கு நன்றி.

ஆனாலும் பெருங்கடன் அகிரா ஓகிக்கே உரியது. ஜப்பானின் கிண்டெட்சு அணியின் மேலாளராக இருந்தபோது, அடிப்பவருக்கு முதுகைக் காட்டித் திரும்பிப் பந்தெறிந்த ஹிதேயோ நோமோவை அவர் போக்கிலேயே விட்டவர் ஓகி. அந்த நோமோ 1995-இல் டாட்ஜர்ஸ் அணிக்குச் சென்று ஜப்பானியருக்கு அமெரிக்கக் கதவைத் திறந்தார். 1994-இல் ஓரிக்ஸ் மேலாளரான ஓகி, இச்சிரோவை முதன்மை அணியில் நிலையாக ஆடவைத்ததோடு, சுசுகி என்ற மிகப் பரவலான குடும்பப்பெயரை விடுத்து, இச்சிரோ என்று மட்டும் பதிவுசெய்யவும் வைத்தார். அவ்வாண்டு 130 ஆட்டங்களில் 210 ஹிட்கள் (பந்தை அடித்துவிட்டு ஆட்டமிழக்காமல் முதல் தளத்தையாவது எட்டுவதே ஹிட்)! ஒரே பருவத்தில் 200-ஐக் கடந்த முதல் ஜப்பானியத் தொழில்முறை ஆட்டக்காரர் அவர்தான்.

அமெரிக்காவில் இச்சிரோ சேர்ந்த சியாட்டில் மரினர்ஸ் அணியின் மேலாளர் லூ பினியெல்லாவுக்கும் நன்றி. 2001 வசந்தகாலப் பயிற்சியில் எல்லாப் பந்துகளும் இடப்பக்கமே போவதைக் கண்டு அவர் கவலைப்பட்டு, வலப்பக்கம் இழுத்து அடிக்க முடியுமா என்று கேட்டார். இச்சிரோ வலப்பக்கம், கிரிக்கெட் சிக்ஸர் போன்ற ஒரு ஹோம் ரன் அடித்துத் திரும்பி, இது போதுமா என்று விசாரித்தாராம். இனி உன் விருப்பப்படி ஆடு என்று விட்டுவிட்ட பெருந்தன்மையின் பலன், அவ்வாண்டின் 242 ஹிட்களும், சிறந்த புதுமுகம், மிகமதிப்புமிக்க ஆட்டக்காரர் ஆகிய இரு விருதுகளும்.

மிசுனோ நிறுவனத்துக்காக அவருடைய மட்டைகளைக் கடைந்துகொடுத்த இசோகசு குபோதாவுக்கும் வணக்கம். ஒரே பருவத்தில் 257 ஹிட்கள் என்று 1920 முதல் நிலைத்திருந்த அமெரிக்க ஆட்டக்காரர் ஜார்ஜ் சிஸ்லரின் சாதனையை 2004-இல் இச்சிரோ முறியடித்த இரவில், சியாட்டில் மைதானத்துக்கே வந்து அவருடைய கைகுலுக்கி வாழ்த்திய சிஸ்லர் குடும்பத்தாருக்கும் மனமார்ந்த நன்றி.

இப்படிக்கு,
ஒரு பேஸ்பால் ரசிகன்